பள்ளிப் பிள்ளைகளுக்குக் கர்நாடக இசை அறிமுகம்: தன்னார்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 3 முதல் 9 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் கர்நாடக இசையை அறிமுகம் செய்ய விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். இது பாட்டு வகுப்பு நடத்துவதற்கான பாடத்திட்டம் அல்ல. அறிமுகம் வேறு, பயிற்சி வேறு. பல குழப்பங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகின்றன.

நான் கச்சேரி செய்பவர் இல்லை. போகலாமா?

தாராளமாகப் போகலாம். மேடை அனுபவம் தேவையில்லை. தேவைப்படுவது மூன்று: சுருதி விலகாமல் பாட வேண்டும், கையில் தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் பிள்ளைகள்மேல் இருக்க வேண்டும், பாட்டை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதே இடத்திலிருந்து மறுபடி எடுக்கத் தெரிய வேண்டும். நாலைந்து வர்ணம் (கச்சேரித் தொடக்கத்தில் பாடும் உருப்படி) பாடம் ஆனவருக்கு இவை வந்திருக்கும். மூன்றாவது, பெரிய வித்வான்களுக்கே சில சமயம் வராது. அவர்களுக்குப் பாட்டை நிறுத்திப் பழக்கமில்லை!

பாடவே தெரியாதவருக்கும் வேலை இருக்கிறது. இரண்டு பேராகப் போவது எப்போதும் நல்லது. ஒருவர் பாடட்டும். மற்றவர் சுருதிப்பெட்டி, நேரம், கடைசி வரிசை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். 40 பேர் உள்ள வகுப்பில் பாடுகிறவருக்கு முதல் இரண்டு வரிசைக்கு மேல் எதுவும் தெரியாது.

ஏற்பாட்டு வேலைதான் பிடிக்கும் என்றால் ஸ்பிக் மேக்கே போன்ற அமைப்பில் சேரலாம். 1977-இல் கிரண் சேத் தொடங்கிய இந்த அமைப்பு, தேர்ந்த கலைஞர்களைக் கல்வி நிலையங்களுக்கு அழைத்துப்போகிறது. தன்னார்வலர்களை வைத்தே நடக்கிறது.

பள்ளியில் யாரிடம் கேட்பது?

தனியார் பள்ளியில் தலைமையாசிரியர் அல்லது தாளாளர். அரசுப் பள்ளியில் வெளியாட்களை வகுப்புக்குள் விடுவதைத் தலைமையாசிரியர் தனியாக முடிவு செய்ய முடியாது, கல்வித் துறையின் முன் அனுமதி வேண்டும். எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று அவரே சொல்வார். அவரைப் பார்க்காமல் நேராக மேலே எழுதினால், கடிதம் சுற்றிவிட்டு அவர் மேசைக்கே வரும். அதற்குள் அவருக்கு உங்கள்மேல் வருத்தமும் வந்திருக்கும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். யார் நீங்கள், எந்த வகுப்பு, வாரம் எத்தனை பாடவேளை, எத்தனை வாரம், கட்டணம் இல்லை, எதையும் விற்கமாட்டோம், படம் எடுக்கமாட்டோம். அடையாள அட்டை நகலோடு, சொல்லித்தரப்போகும் பாட்டின் வரிகளையும் தட்டச்சு செய்து இணைத்துவிடுங்கள். அதிகாரிகளின் தயக்கம் சங்கீதத்தைப் பற்றியது அல்ல. மதப் பிரசாரமோ வியாபாரமோ உள்ளே வந்துவிடுமோ என்பதுதான். பாட்டு வரிகள் கையில் இருந்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எந்த மாதம், எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை?

ஜூலை, ஆகஸ்ட். அடுத்ததாக அக்டோபர், நவம்பர். ஜூனில் பள்ளி நிலைகொண்டிருக்காது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. ஜனவரிக்கு மேல் ஆண்டு விழா ஒத்திகையும் தேர்வுத் தயாரிப்பும் முட்டிக்கொள்ளும். பொதுத்தேர்வு வகுப்புகளை விட்டுவிடுங்கள்.

கூச்சமில்லாமல் வாய்திறந்து பாடுவது 3 முதல் 5 வரை. தாளக் கணக்கில் மனசு போவது 6 முதல் 8 வரை. ஒன்பதாம் வகுப்பில் பாட வைப்பது கடினம், ஆனால் “ஏன்”, “எப்படி” என்று நல்ல கேள்விகள் வரும்.

காலை மூன்றாம் பாடவேளை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும், குரலும் எழும்பாது. கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணிக்காகக் காத்திருப்பார்கள். விளையாட்டு பாடவேளையை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். விளையாட்டைப் பறித்துக்கொண்டு வந்த சங்கீதத்தை எந்தப் பிள்ளையும் மன்னிக்காது.

ஒருமுறை போய் ஒரு நல்ல நிகழ்ச்சி நடத்தினால் போதாதா?

போதாது என்பதே எங்கள் கருத்து. பத்துப் பள்ளிக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட, ஒரே வகுப்புக்கு வாரம் ஒன்றாக ஆறு வாரம் போவது மேல். முதல் வாரம் பிள்ளைகள் உங்களைத்தான் பார்ப்பார்கள்: உடை, வாத்தியம், உட்காரும் விதம். இரண்டாம் வாரம்தான் காதில் விழ ஆரம்பிக்கும். மூன்றாம் வாரம் ஒரு ராகத்தின் ஆரம்பத்தைக் கேட்டதும் “போன வாரம் பாடினது” என்று யாராவது சொல்வார்கள். அறிமுகம் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நின்றுவிட்டால் அது ஒரு வேடிக்கை நிகழ்ச்சி, அவ்வளவுதான்.

40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் உண்மையில் இருப்பது 34, 35 நிமிடம். முந்தின ஆசிரியர் வெளியேறி, பிள்ளைகள் உட்கார்ந்து, வருகைப்பதிவு முடியவே ஐந்தாறு நிமிடம் போய்விடும்.

உள்ளே நுழையும்போதே சுருதி ஓடிக்கொண்டிருக்கட்டும். வணக்கம் சொன்னதும் பேச்சில்லாமல் ஒரு ஷட்ஜம் (ஸ) பிடியுங்கள், பிள்ளைகளும் பிடிக்கட்டும். முதல் மூன்று நிமிடத்துக்குள் வகுப்பு முழுக்க வாய்திறந்திருக்க வேண்டும். அடுத்து எட்டு நிமிடம் தாளம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பாட்டு. பிறகு ஐந்து நிமிடம் அவர்கள் கேட்க நீங்கள் பாட வேண்டும், அல்லது வாசிக்க வேண்டும். மிச்சம் அவர்கள் கேள்விக்கு.

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சங்கீத மும்மூர்த்திகள் யார், எப்போது பிறந்தார்கள், மேளகர்த்தா (தாய் ராகம்) 72 ஏன் என்று 20 நிமிடம் பேசிவிட்டு, “இப்போது எல்லோரும் பாடலாமா?” என்பார்கள். அதற்குள் வகுப்பு கைவிட்டுப் போயிருக்கும். பிள்ளைகளுக்கு இது இன்னொரு சமூக அறிவியல் பாடம் ஆகிவிடுகிறது. வரலாறு தேவைதான். பாட்டு காதில் ஏறிய பிறகு, பிள்ளை கேட்கும்போது, இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

எந்தச் சுருதியில் பாடுவது? நான் ஆண், எனக்கு 1 கட்டை.

தன்னார்வலர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கட்டை என்பது சுருதி உயரத்தின் அளவு: கீபோர்டில் C என்ற வெள்ளைக் கட்டை 1, D 2 என்று ஏறும், நடுவிலுள்ள கருப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும். 3 முதல் 7-ஆம் வகுப்பு வரை ஆண், பெண் இரு பாலாருக்கும் 5 கட்டை முதல் 6 கட்டை வரை பொருந்தும். பெண் தன்னார்வலரின் சுருதி பெரும்பாலும் அங்கேயோ அதற்கு அருகிலோ இருப்பதால் சிக்கல் குறைவு.

ஆண் 1 கட்டையில் பாடினால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் ஒரு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரையுள்ள உயரம்) மேலே பிடித்துப் பாடுவார்கள். மேல் ஷட்ஜம் தாண்டியதும் அது கத்தலாகிவிடும். மீதிப் பேர் உங்கள் ஸ்தாயிக்கே இறங்கப் பார்த்து, கீழே குரல் இல்லாமல் முனகுவார்கள். நீங்களோ, பிள்ளைகளுக்குச் சுருதி ஞானம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

தீர்வு எளிது. பெட்டியை 5 கட்டையில் வையுங்கள். 1 கட்டைக்காரருக்கு மந்த்ர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் ப) எதுவோ அதுதான் 5 கட்டையில் ஷட்ஜம். அதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு உங்கள் கீழ்க்குரலில் பாடுங்கள், பிள்ளைகள் தங்களுக்குரிய ஸ்தாயியில் பாடுவார்கள். முதல் ஷட்ஜத்தை மட்டும் உங்கள் குரலில் தராமல் கீபோர்டிலோ வயலினிலோ அவர்கள் ஸ்தாயியில் தாருங்கள். இல்லையென்றால் சுருதி நன்றாகச் சேரும் ஒரு பிள்ளையைப் பிடிக்கச் சொல்லுங்கள். பாட்டு ஷட்ஜத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் நடுவில் நிற்பதாக இருக்கட்டும். மேலே காந்தாரம் (க) வரை தொட்டால் பரவாயில்லை.

தம்புரா செயலியைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே ஓட்டினால் கீழ் ஷட்ஜம் கேட்காது. மேலே சலசலப்பு மட்டும் வரும், 40 பேர் வாயைத் திறந்ததும் அதுவும் மறைந்துவிடும். சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று தேவை. கைப்பேசியை விமான நிலையில் (ஏர்பிளேன் மோட்) போடுங்கள். ஷட்ஜத்தின் நடுவே அழைப்பு மணி அடித்தால் அந்தச் சிரிப்பை அடக்க ஐந்து நிமிடம் ஆகும்.

தாளத்தை எப்படி ஆரம்பிப்பது?

ஆதி தாளத்தில். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை, அந்த முழுச் சுற்று ஓர் ஆவர்த்தனம். எதிர்பார்க்க வேண்டிய பிழைகள் இவை:

விரல் எண்ணும்போது பலர் ஆள்காட்டி விரலில் தொடங்குவார்கள், கணக்குப் போடும்போது அவர்கள் எண்ணுவது அப்படித்தான். முதல் ஆவர்த்தனத்திலேயே “சுண்டுவிரல்” என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால் சரியாகிவிடும்.

எதிரெதிரே உட்கார்ந்திருப்பதால் உங்கள் வலக்கையைப் பார்த்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடக்கையால் போடுவார்கள். ஒருமுறை திரும்பி உட்கார்ந்து, அவர்கள் பார்க்கும் திசையிலேயே நீங்களும் பார்த்துக்கொண்டு போட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் சிலர் இடக்கையில் போட்டால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய தொல்லை: வேகம் ஏறிக்கொண்டே போவது. பிள்ளைகள் தட்டும் சத்தத்தை ரசிக்கிறார்கள். பக்கத்துப் பையன் தட்டியதைக் கேட்டு இவன் முந்துகிறான், அதைக் கேட்டு அடுத்தவன். “மெதுவா, மெதுவா” என்று கத்திப் பயனில்லை. உள்ளங்கையில் இரண்டு விரலால் மட்டும் தட்டச் சொல்லுங்கள். சத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும். நிமிடத்துக்கு 60 தட்டு நல்ல வேகம். மெட்ரோனோமை (வேகம் காட்டும் கருவி) முதல் வாரம் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தாளம் கைக்கு வந்ததும் “தகதிமி தகஜுனு” என்று சொல்லிக்கொண்டே போடட்டும். முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சொல், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை வேகம் மாறக்கூடாது, வாய் மட்டும் மாற வேண்டும். 60 வேகத்தில் மூன்றாம் காலம் என்பது நிமிடத்துக்கு 240 சொல். ஐந்தாம் வகுப்புக்கு இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடும், பெரியவர்களுக்குத்தான் நேரம் ஆகும்.

எந்த வகுப்பிலும் எடுபடும் விளையாட்டு ஒன்று: ஒரு ஆவர்த்தனம் 1 முதல் 8 வரை சத்தமாக எண்ணித் தாளம் போடுவது, அடுத்த ஆவர்த்தனம் கையும் வாயும் அசையாமல் மனசுக்குள் எண்ணுவது, மூன்றாவதன் முதல் தட்டில் எல்லோரும் ஒன்றாக “ஒன்று” என்று சொல்வது. முதல் தடவை “ஒன்று” சிதறித்தான் விழும். நாலாவது தடவை ஒரே சத்தமாக விழும். சமம் (சுற்று தொடங்கும் முதல் தட்டு) என்றால் என்ன என்பதற்கு அதற்குப் பிறகு விளக்கம் தேவையில்லை.

பெரிய வகுப்புகளுக்குத் தாளத்தில் கணக்குக் கொடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள். 7, 8-ஆம் வகுப்பில் பாட வெட்கப்படும் பையன்கள் கரும்பலகைக்கு ஓடி வருவது இதற்காகத்தான்.

ஆதி தாளத்தில் தட்டுக்கு நான்கு மாத்திரை (தட்டுக்குள் அடங்கும் சிறு கால அளவு) என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. “ததிங்கிணதொம்” ஐந்து மாத்திரை. மூன்று தடவை சொன்னால் 15. சொல்லி முடித்ததும் அடுத்த தட்டு சமமாக விழ வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? 32-இல் 15 போக 17. அதாவது நான்கு எண்ணிக்கை முடிந்து, ஐந்தாவது தட்டு விழுந்து, ஒரு மாத்திரை தள்ளித் தொடங்க வேண்டும். அதைக் கண்டுபிடித்த பிறகு அடுத்த கேள்வி: ஒவ்வொரு ததிங்கிணதொம்முக்கும் நடுவில் ஒரு மாத்திரை இடம் விட்டால்? இடைவெளி இரண்டுதான், மூன்று இல்லை. ஆக 15 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். மூன்று இடைவெளி என்று கணக்குப் போட்டவர்கள் 14-இல் ஆரம்பித்து, சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னாலேயே முடித்துவிட்டு முழிப்பார்கள். விடையைச் சொல்லாதீர்கள், கையில் தாளம் போட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தப்பு எங்கே என்று தாளமே காட்டிக்கொடுக்கும்.

மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதுக்கு முறையே தகிட, தகதகிட, தகிட தகதிமி, தகதிமி தகதகிட. பிள்ளைகளின் பெயர்களை எழுத்தெண்ணி இவற்றில் பொருத்துவதும் நல்ல விளையாட்டு.

எந்த ராகத்தில் தொடங்குவது? மாயாமாளவகௌளைதானே முறை?

முறையாகக் கற்கும் மாணவருக்கு அதுதான் முறை. சரளி வரிசையை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) அந்த ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர் என்று சொல்வார்கள், காரணமும் நியாயமானது. தினமும் வீட்டில் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறவருக்கு அது பொருந்தும். வாரம் ஒருமுறை, 40 பேர் சேர்ந்து பாடும் இடத்தில் ஷட்ஜத்தை ஒட்டியிருக்கும் சுத்த ரிஷபமும் (ரி), பஞ்சமத்தை (ப) ஒட்டியிருக்கும் சுத்த தைவதமும் (த) மெல்ல மெல்ல மேலேறிப் போய்விடும். கேட்கவும் சகிக்காது, திருத்தவும் நேரம் இருக்காது.

மோகனத்தில் தொடங்குங்கள். ஸ ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம், ஒன்றுக்கொன்று நெருங்கி உரசும் இடம் இல்லை. கொஞ்சம் விலகினாலும் பக்கத்து ஸ்வரத்தில் போய் விழாது. பிறகு ஹம்ஸத்வனி. நாலாவது வாரம் ஹிந்தோளத்தை எடுத்து மோகனத்தோடு மாற்றி மாற்றிப் பாடி, “எது எது” என்று கேளுங்கள். இரண்டுமே ஐந்து ஸ்வரம்தான், முகம் வேறு.

கீபோர்டு இருந்தால் இதைக் கண்ணாலேயே காட்டலாம். கருப்புக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துங்கள். நாலரைக் கட்டையை ஷட்ஜமாக வைத்து வரிசையாக வாசித்தால் மோகனம். அதே கருப்புக் கட்டைகளை ஐந்தரையில் தொடங்கினால் மத்யமாவதி. ஆறரையில் ஹிந்தோளம். ஒன்றரையில் சுத்த ஸாவேரி. இரண்டரையில் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்ற பெயரைச் சொல்லாமலே ஆறாம் வகுப்புப் பிள்ளை இதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றில் கவனம் தேவை: ஒவ்வொரு தடவையும் சுருதியையும் மாற்ற வேண்டும். பழைய சுருதியே ஓடிக்கொண்டிருந்தால் காதுக்கு மோகனமாகவேதான் கேட்கும்.

தோடி, பைரவி எல்லாம் பாட வைக்க வேண்டாம், இரண்டு நிமிடம் பாடிக் காட்டலாம். கமகம் (ஸ்வரத்தை ஆட்டிப் பாடுவது) வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோபித்துக்கொண்டால் அந்த ராகம் அவர்களுக்கு அன்றோடு போயிற்று. ஒரே பிடியை ஆட்டமில்லாமல் ஒருமுறை, கமகத்தோடு ஒருமுறை பாடிவிட்டு, “நீங்களும் குரலை ஆட்டிப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். இரண்டு முயற்சியில் சிரிப்பு அடங்கிவிடும், கஷ்டம் புரிந்துவிடும்.

எந்தப் பாட்டு? வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்களே?

ஆறு வாரத்துக்கு ஒரே பாட்டு. பல்லவி, அனுபல்லவி, முடிந்தால் ஒரு சரணம். தமிழில் இருக்கட்டும், பொருள் பிள்ளைக்குத் தானாகப் புரிய வேண்டும்.

கர்நாடக இசையில் பக்திப் பாட்டுதான் அதிகம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கட்டாயப் பாடவேளையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்ல வைப்பது சரியல்ல. வழிகள் நிறைய இருக்கின்றன. ஜதிஸ்வரம் என்ற ஸ்வர உருப்படியில் சாகித்யமே (பாட்டு வரியே) இல்லை. பாரதியாரின் நாடு, மொழி, இயற்கை பற்றிய பாட்டுகள் இருக்கின்றன. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) எல்லாச் சமயத்தாரும் பாடுவதற்கென்றே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் மேல்நாட்டு மெட்டில் அமைந்தவை. அவற்றை ஸ்வரமாக மட்டும் பாடலாம். கமகம் இல்லாததால் பிள்ளைகள் வாயில் சட்டென்று ஒட்டும். அதில் ஒன்றின் மெட்டு பிரிட்டிஷ் அரச வாழ்த்துப் பாட்டினுடையது என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

சொல்லித்தரும்போது ஒரு வரியை இரண்டு தடவை நீங்கள், இரண்டு தடவை அவர்கள். கரும்பலகையில் வரிகளை மட்டும் எழுதுங்கள், ஸ்வரத்தை எழுதினால் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டு காது மூடிவிடும்.

சினிமாப் பாட்டை உதாரணம் காட்டலாமா?

ஒரு வரி காட்டலாம், பிள்ளைக்குத் தெரிந்த மெட்டிலிருந்து ராகத்துக்குப் போவது நல்ல வழி. மூன்று எச்சரிக்கை. அந்தப் பாட்டு முழுக்க அந்த ராகத்திலேயே நிற்கிறதா என்று முன்கூட்டியே பாடிப் பாருங்கள், பலவற்றில் சரணத்தில் அந்நிய ஸ்வரம் வரும். ஐந்து நிமிடத்தைத் தாண்டவிடாதீர்கள், தாண்டினால் அது பாட்டுக்குப் பாட்டு ஆகிவிடும். சினிமாவை மட்டம் தட்டிப் பேசவே கூடாது.

வாத்தியங்களைக் கொண்டு போகலாமா? பிள்ளைகள் தொடலாமா?

கொண்டு போங்கள், ஒரு வாரத்துக்கு ஒன்று. தொட விடுங்கள், ஆனால் எந்த இடத்தைத் தொடலாம் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள்.

வீணையில் 24 மெட்டும் (விரல் வைக்கும் குறுக்குக் கம்பிகள்) மெழுகின்மேல்தான் நிற்கின்றன. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும், அன்றைய வாசிப்பு முடிந்தது. தந்தியை மீட்டலாம், மெட்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

வயலினில் வில்லின் முடியை விரலால் தொடக் கூடாது. எண்ணெய்ப் பசை ஏறினால் முடி தந்தியைப் பற்றாது. வில்லின் அடிக்கட்டையை மட்டும் பிடிக்கக் கொடுங்கள், மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

மிருதங்கத்தில் வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) கருப்புச் சாதத்தை (நடுவிலுள்ள கருப்பு வட்டப் பூச்சு) நகத்தால் சுரண்டிப் பார்க்காத பிள்ளை இல்லை. “அது என்ன?” என்ற கேள்வி வருவதற்குள் நீங்களே சொல்லிவிட்டால் சுரண்டல் குறையும். இடந்தலையில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதைப் பிள்ளைகள் கண்முன்னாலேயே செய்யுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தட்டு, ஒட்டிய பிறகு ஒரு தட்டு. தொம் எங்கிருந்து வருகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நாகஸ்வரமும் தவிலும் அறைக்குள் வேண்டாம். வராந்தாவிலோ மரத்தடியிலோ வாசிக்கட்டும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீவாளியை (நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதி) ஒரு பிள்ளை வாயில் வைத்ததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

காணொளி காட்டினால் எளிதாக இருக்குமே?

90 விநாடிக்கு மேல் வேண்டாம், கையில் ஒரு வேலையும் கொடுங்கள்: “மிருதங்கக்காரர் எப்போது நிறுத்துகிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.” வேலை கொடுக்காமல் போட்டால் திரையைப் பார்ப்பார்கள், கேட்கமாட்டார்கள்.

சுருதியே சேராத பிள்ளையை என்ன செய்வது?

முதலில், “நீ வாயை மட்டும் அசை” என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் ஆயுள் முழுக்கப் பாடாமல் போனவர்கள் நிறையப் பேர்.

சேராததற்குப் பெரும்பாலும் காரணம் தன் குரலே தன் காதில் விழாததுதான். ஒரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். சரியாகப் பாடும் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வையுங்கள். இன்னொரு வழி, நீங்கள் அந்தப் பிள்ளையின் ஸ்வரத்துக்கு இறங்கிப் போய், அங்கிருந்து மெல்ல ஷட்ஜத்துக்கு ஏற்றிக்கொண்டு வருவது. எட்டாம் வகுப்புப் பையன்களில் பலருக்குக் குரல் உடையும் பருவம். அது சுருதிக் குறை அல்ல என்று வகுப்பறிய சொல்லிவிட்டு, கொன்னக்கோலை (தாளச் சொற்களை வாயால் சொல்வது) பொறுப்பாகக் கொடுங்கள்.

“இது ஒரு சாதிக்காரங்க பாட்டுத்தானே?” என்று ஒரு பிள்ளை கேட்டால்?

கேட்கும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் கட்டாயம் கேட்கும். அதட்டவோ மழுப்பவோ வேண்டாம். இன்றைய சபா மேடைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு ஆட்களைச் சொல்லுங்கள். நாகஸ்வரத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) போன்ற இசை வேளாளர் மரபினர், அதே வாத்தியத்தில் ஷேக் சின்ன மௌலானா (1924–1999), தமிழிசை ஆராய்ச்சிக்கு வாழ்க்கையைக் கொடுத்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்திக் கட்டுகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். இதைவிட உயர்ந்த இசை கிடையாது என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். வகுப்பில் பறையோ கானாவோ தெரிந்த பிள்ளை இருந்தால் வாசிக்கவோ பாடவோ சொல்லி, அதன் நடையை உங்கள் சொற்கட்டில் (தகதிமி போன்ற தாளச் சொற்களில்) சொல்லிக் காட்டுங்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பு விஷயத்தில் என்ன கவனம் தேவை?

வகுப்பாசிரியர் அறையில் இருக்க வேண்டும். அவர் விடைத்தாள் திருத்த வெளியே போக விரும்புவார். இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையுடனும் தனியாக இருக்காதீர்கள். தாளக் கையைத் தொட்டுத் திருத்த வேண்டாம், உங்கள் கையைக் காட்டித் திருத்துங்கள். பிள்ளைகளின் கைப்பேசி எண் வாங்கக் கூடாது, உங்கள் எண்ணையும் கொடுக்கக் கூடாது. பள்ளியின் எழுத்துபூர்வ அனுமதியும் பெற்றோர் சம்மதமும் இல்லாமல் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். பரிசு, இனிப்பு எதுவும் பள்ளி வழியாக மட்டுமே.

ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் பாலியல் தொல்லையைச் சொன்னாலோ, அப்படி நடப்பதாகத் தெரிந்தாலோ அதை வெளியே சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098.

ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிட்டது. எங்கே அனுப்புவது?

வீட்டில் கட்டணம் கட்ட வசதி இல்லை என்றால் அரசு வழிகள் உண்டு. 5 முதல் 16 வயது வரை ஜவகர் சிறுவர் மன்றம், பள்ளி விடுமுறை நாள்களில் பயிற்சி தருகிறது. 12 வயதுக்கு மேல் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள்: மூன்றாண்டுப் படிப்பு, குரலிசை, வயலின், மிருதங்கம், நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம். அதற்கு மேல் படிக்க சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள். தகவலை வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், பெற்றோரிடம் அவர் பேசட்டும்.

உங்கள் சொந்த வகுப்புக்கு ஆள் சேர்க்க இந்த வாய்ப்பைப் பயன்படுத்தக் கூடாது. பள்ளி அடுத்த தடவை கதவைத் திறக்காது, உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் சேர்த்து.

ஆண்டு விழாவில் பாட வைக்கச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட நிமிடத்திலிருந்து மிச்சமுள்ள வாரங்கள் ஒத்திகையாகிவிடும். நன்றாகப் பாடும் எட்டுப் பேரை மட்டும் பொறுக்கி எடுக்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள், மீதி 32 பேருக்கும் சங்கீதம் தங்களுக்கு வராது என்று நீங்களே சொன்னதாகிவிடும். முழு வகுப்பும் ஏறட்டும். மூன்று நிமிடப் பாட்டு, பாதிப் பேர் பாட, பாதிப் பேர் தாளமும் சொற்கட்டும். மைக் இரண்டு போதும், ஒன்றைச் சுருதிப்பெட்டியின் ஸ்பீக்கருக்கு வைத்துவிடுங்கள். மேடையில் சுருதி காதில் விழாமல்தான் பிள்ளைகள் ஒரு கட்டை ஏறிப் பாடுகிறார்கள், பயத்தால் அல்ல.